காத்திருப்புப் பட்டியலில் நிற்பதா, விலகுவதா?

அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று உங்கள் விண்ணப்பத்தை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, காத்திருக்கச் சொல்கிறது. இடம் கொடுத்த வேறொரு கல்லூரிக்குப் பெரும்பாலும் மே 1-க்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். எந்த வழியில் போனாலும் இதைத் தவிர்க்க முடியாது. கட்டாமல் காத்திருப்பது வீண் துணிச்சல்.

பட்டியலில் நீடிக்கச் சம்மதிப்பது உங்களைக் கட்டுப்படுத்தாது. அழைப்பு வந்தாலும் மறுக்கலாம். புதிய மதிப்பெண்களோடு ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம், அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய. ஆனால் பல இடங்களில் இது வரிசை எண் உள்ள பட்டியல் அல்ல. எந்தத் துறையில், எவ்வகை மாணவர் குறைகிறாரோ அதற்கேற்ப எடுப்பார்கள். ஜூன், ஜூலை வரை கூட இழுக்கும். அழைத்தால் முடிவுசொல்ல சில நாட்களே கிடைக்கும். பணம்தான் பெரிய சிக்கல். அதற்குள் உதவித்தொகை நிதி பல இடங்களில் கரைந்திருக்கும். முன்பு கட்டிய முன்பணமும் பொதுவாகத் திரும்பாது.

விலகினால் விடுதி அறை, பாடத் தேர்வு, புதிய நண்பர்கள் என எல்லாவற்றிலும் நேரத்தோடு இறங்கலாம். இழப்பு, ஒரு சிறு வாய்ப்பு.

எவ்வளவு சிறியது? பல பல்கலைக்கழகங்கள் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' அறிக்கையின் சி2 பகுதியில் எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று இருக்கும். சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே இடத்திலேயே எண்ணிக்கை தாறுமாறாக மாறும்.

உதவித்தொகை இல்லாமல் படிக்கவே முடியாது என்றால், நான் விலகச் சொல்வேன். பணம் தடையில்லை என்றால் பெயரை விட்டுவைக்கலாம், மனத்தை மட்டும் முன்பணம் கட்டிய கல்லூரியில் வைத்துக்கொண்டு.