கோடை ஸ்ட்ராபெர்ரி: அடுப்பில் எவ்வளவு தாங்கும்?

பறித்த பிறகு பழுக்காத பழம் ஸ்ட்ராபெர்ரி. நான்கு நாள் வைத்திருந்தால் கனிந்துவிடும் என்று அரைக்காயாக வாங்கினால் நிறம் கொஞ்சம் ஏறும், இனிப்பு ஏறாது. அதனால் பெட்டியைக் கையில் எடுக்கும்போதே சமையலின் பாதி முடிவாகிவிடுகிறது. காம்பை ஒட்டிய தோள் பகுதி வரை சிவப்பு ஓடியிருக்க வேண்டும். அங்கே வெள்ளையாக இருந்தால் அந்தப் பழம் கடைசிவரை புளிப்புதான். காம்பு இலைகள் பச்சையாக, விறைப்பாக இருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பாருங்கள். சாறு கசிந்த கறை தெரிந்தால் உள்ளே பழம் நசுங்கியிருக்கிறது. குளிரூட்டியில் இருக்கும் பழத்தில் மணம் அடங்கியிருக்கும் என்பதால், மூக்கை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

பெரிய பழம் என்றால் நல்ல பழம் என்று நம்ப வேண்டாம். பெரியவற்றில் நடுவில் குழியும் வெளுத்த சதையும் அதிகம். சமையலுக்கு நடுத்தர, சிறிய பழங்களையே நாங்கள் பரிந்துரைப்போம். கனிந்ததாக இருந்தால் அவற்றில் சுவை செறிவாக இருக்கும், வெட்டாமல் முழுதாகவும் போடலாம்.

எடையில் சுமார் 91 சதவீதம் தண்ணீர், மெல்லிய தோல். இந்தப் பழத்தின் குறைகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே வருகின்றன. வாங்கியதும் கழுவி அடுக்கி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஈரம் பட்டால் சாம்பல் பூஞ்சை ஒரே இரவில் பிடித்துவிடும். கொட்டிப் பார்த்து, நசுங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் விலக்கிவிட்டு, மீதியைக் காம்போடு அகலமான டப்பாவில் காகிதத் துண்டு விரித்து ஒரே அடுக்காக வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். சமைக்கும் முன், காம்பை எடுக்காமலே குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். காம்பை எடுத்த பிறகு கழுவினால் அந்தக் குழி வழியே தண்ணீர் உள்ளே போய்ச் சுவை நீர்த்துவிடும்.

காம்பு எடுப்பதற்கென்று விற்கும் இடுக்கி போன்ற கருவி வீட்டுக்கு அவசியமில்லை. பழத்தின் சதையையும் சேர்த்துப் பிய்த்துவிடுகிறது. சிறிய கூர்க்கத்தியின் நுனியைச் சாய்த்துக் காம்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும், சேதாரம் மிகக் குறைவு. குழந்தைகள் கூட உட்காரும்போது கத்திக்குப் பதில் விறைப்பான உறிஞ்சுகுழல் கொடுங்கள். பழத்தின் கூர்முனையிலிருந்து குத்தி மேலே தள்ளினால் நடுத்தண்டும் இலையும் ஒன்றாக வெளியே வந்துவிடும். நடுவில் ஓட்டை விழும். ஜாமுக்குப் போகும் பழத்தில் அதனால் நஷ்டமில்லை. மசிப்பது, சர்க்கரை அளப்பது, எலுமிச்சை பிழிவது எல்லாம் அவர்கள் வேலையாகவே இருக்கட்டும். கொதிக்கும் ஜாம் தண்ணீரைவிட அதிகச் சூடு, தோலில் ஒட்டிக்கொள்ளும் வேறு. அந்தக் கட்டத்தில் அடுப்படியில் பெரியவர்கள் மட்டும் நிற்க வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முழுப் பழம் கொடுக்காமல் நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள், தொண்டையில் சிக்காது.

இந்தப் பழம் தன் தகுதியை முழுமையாகக் காட்டும் இடம் ஜாம்தான். காம்பு நீக்கிய பழம் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், எலுமிச்சைச் சாறு 50 மில்லி. ஜாமைக் கெட்டியாக உறையவைக்கும் நார்ப்பொருளான பெக்டின் ஸ்ட்ராபெர்ரியில் இயற்கையாகவே குறைவு. பெக்டின் பிடித்துக்கொள்ளப் புளிப்பு தேவை. எலுமிச்சையை ஒதுக்கினால் ஜாம் பாகாகவே நின்றுவிடும். கால்வாசிப் பழம் சற்றே காய்வாட்டாக இருந்தால் இன்னும் நல்லது, பெக்டின் அதில்தான் கூடுதல். பழத்தையும் சர்க்கரையையும் கலந்து மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுக்கும். பழம் இறுகி, கொதியில் கரையாமல் உருவத்தோடு நிற்கும்.

மறுநாள் அகலமான, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, சர்க்கரை கரையும்வரை சிறு தீயில் வைத்து, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிறகு தீயை முழுதாகக் கூட்டுங்கள். அலுமினியமும் இரும்பும் வேண்டாம், புளிப்புப் பட்டு உலோக வாடை ஏறும். பொங்கி வரும் என்பதால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. 15 முதல் 20 நிமிடத்தில் பதம் வரும். வெப்பமானி இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். மலைப்பகுதியில் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதிக்கும். அங்கே கொதிநிலைக்கு மேல் 4, 5 டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானி இல்லையா, உறையறையில் ஒரு தட்டை முன்கூட்டியே வைத்து, அதில் அரைக் கரண்டி விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் உடனே இறக்க வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் என்று விட்டால் நிறம் பழுப்பாகி, ஆறியதும் மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விடும்.

இரண்டு கிலோவை ஒன்றாகப் போட்டு வேலையைச் சுருக்க நினைக்காதீர்கள். நீர் வற்ற அதிக நேரம் ஆகும், அதற்குள் மணமும் நிறமும் போய், பெக்டினும் சிதையும். பழம் எல்லாம் புட்டியின் மேலே மிதந்து நிற்கிறது என்றால் சுடச்சுட ஊற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இறக்கிப் பத்து நிமிடம் விட்டு, ஒரு முறை கிளறி, கொதிநீரில் போட்டெடுத்த சூடான புட்டியில் நிரப்பினால் சீராகப் பரவி நிற்கும். இந்த அளவில் சர்க்கரை சற்றுக் குறைவு என்பதால் திறந்த புட்டியைக் குளிரிலேயே வைத்துச் சில வாரங்களில் முடித்துவிடுங்கள்.

அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு சாஸ் இருக்கிறது. சொல்லப்போனால் புதுப் பழத்தின் வாசனை ஜாமைவிட இதில்தான் மிஞ்சும். பழம் 500 கிராம். பாதியை நறுக்கி 60 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோடு 8 நிமிடம் வேகவிட்டு மசித்து, அடுப்பை அணைத்து, மீதிப் பாதியைப் பச்சையாகவே நறுக்கிக் கலந்துவிட வேண்டும். வெந்தது கெட்டியும் நிறமும் தரும், வேகாதது மணம் தரும். ஐஸ்கிரீம், தயிர், பான்கேக் எதன்மேலும் ஊற்றலாம்.

கேக்குக்கு மட்டும் எங்கள் மதிப்பெண் குறைவு. மாவுக்குள் பச்சைத் துண்டுகளைப் போட்டால் வேகும்போது நீர் விட்டு, சுற்றிலும் சொதசொதப்பான பொந்துகள் உண்டாகும். சமையல் சோடா தூக்கலாக உள்ள மாவில் சிவப்பு மங்கி ஊதாச் சாம்பலாக மாறும். பழத்தின் நிறமியான ஆந்தோசயனின் சோடாவின் காரத்தன்மையில் அப்படித்தான் ஆகும். நறுக்கிய பழத்தில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை தூவி, 160 டிகிரி ஓவனில் அரை மணிநேரம் போல வைத்து நீரை வற்றவிட்டுப் பிறகு சேர்த்தால் பெருமளவு சரியாகும். வேறு வழி, பழத்தை வெந்த கேக்கின் மேல் பரிமாறும் நேரத்தில் வைப்பது.

பாலோடு சேர்ப்பதானால் இரண்டுமே குளிர்ந்திருக்க வேண்டும். சூடான பாலிலோ கஸ்டர்டிலோ பழத்தைப் போட்டால் புளிப்பில் திரிந்துவிடும். மில்க் ஷேக் என்றால் அடித்த கையோடு குடித்துவிடுவது உத்தமம்.

மிஞ்சிய பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பு எடுத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையறையில் சில மணிநேரம் இறுகவிட்டு, பிறகு காற்றை வெளியேற்றிப் பையில் கட்டுங்கள். உறையும் நீர் செல்சுவர்களைக் கிழித்துவிடும் என்பதால் உருகியதும் பழம் தொளதொளப்பாகும். ஷேக்குக்கும் சாஸுக்கும் அது பரவாயில்லை. ஜாமுக்குப் போட்டால் பதம் கொஞ்சம் தளர்வாகவே வரும். எலுமிச்சைச் சாற்றை இன்னும் ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.