.30-06 வாங்கப் போகிறீர்களா? பழைய மாடல் 70-ம் புதிய டிக்கா டி3எக்ஸ்-ம்

வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள் 1936-இல் வந்தது. 1964-இல் தயாரிப்புச் செலவைக் குறைப்பதற்காக அதன் அமைப்பையே மாற்றினார்கள். அதற்கு முன் வந்தவற்றை 'ப்ரீ-64' என்று தனிச் சாதியாகவே பேசுகிறார்கள். சீரியல் எண் 7,00,000-க்குக் கீழே இருந்தால் அது ப்ரீ-64. டிக்கா டி3 2003-இல் வந்தது, அதைத் திருத்திய டி3எக்ஸ் 2016-இல். பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்கிறது. இரண்டும் .30-06 தோட்டாவில் கிடைக்கும், இரண்டும் மான் வேட்டைக்குப் போதும். அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது?

புதியதை வாங்குகிறவர் ஒரு மாடலை வாங்குகிறார். பழையதை வாங்குகிறவர் குறிப்பிட்ட அந்த ஒரு ரைஃபிளை வாங்குகிறார். டிக்காவைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துவிட்டு ஆர்டர் கொடுத்துவிடலாம். மாடல் 70-ஐ அப்படி வாங்க முடியாது. கையில் எடுத்து, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் இரும்புத் தண்டு) உருவி, கட்டையிலிருந்து இரும்பைப் பிரித்துப் பார்த்தால்தான் விலை பேசவே முடியும்.

முதலில் எல்லோரும் கேட்கும் துல்லியத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் சொல்ல அதிகம் இல்லை. டிக்கா நூறு யார்டில் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று உத்தரவாதம் தருகிறது. நல்ல நிலையில் உள்ள ப்ரீ-64 ஒன்றரை அங்குலம் காட்டினால் திருப்திப்படலாம். முந்நூறு யார்டில் அது நாலரை அங்குலம். மானின் நெஞ்சுப் பகுதி எட்டு அங்குலத்துக்குக் குறையாது. ஆக வேட்டைத் தூரத்தில் இந்த வித்தியாசம் எதையும் தீர்மானிப்பதில்லை. தாளில் வட்டம் சுருங்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் டிக்காவை எடுங்கள், பேச்சு முடிந்தது.

உண்மையான வித்தியாசம் தோட்டா சேம்பருக்குள், அதாவது அது வெடிப்பதற்கு முன் உட்காரும் குழலின் பின்பகுதிக்குள், போகும் விதத்தில் இருக்கிறது. ப்ரீ-64-இல் பழைய ஜெர்மன் ரைஃபிளான மவுசர் 98-இன் வழியில் வந்த நீண்ட நகம் போன்ற எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி) போல்ட்டின் பக்கவாட்டில் படுத்திருக்கும். மேகசினிலிருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் விளிம்பு நகத்துக்குள் நுழைந்துவிடும். அங்கிருந்து வெளியே எறியப்படும்வரை போல்ட் அதை விடாது. டிக்காவில் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னே தள்ளும். போல்ட்டை முழுதாக மூடும்போதுதான் எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைக் கவ்வும். பதற்றத்தில் ஒருவர் தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு, போல்ட் கைப்பிடியைக் கீழே மடக்காமல் பின்னுக்கு இழுத்தால், அந்தத் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும். மறுபடி தள்ளினால் அடுத்த தோட்டாவின் மூக்கு முதல் தோட்டாவின் பின்புறத்தில், அதாவது அடித்தால் தீப்பற்றும் பிரைமர் இருக்கும் இடத்தில் போய் முட்டும். பழைய முறையில் இது நடக்காது. பாதியில் இழுத்தாலும் தோட்டா போல்ட்டோடு திரும்பி வந்துவிடும்.

இதைப் பெரிய விஷயமாக்குவதா இல்லையா என்பது எதை வேட்டையாடுகிறோம் என்பதைப் பொறுத்தது. திருப்பித் தாக்கும் விலங்கு என்றால் நகம்தான். மானுக்கு, போல்ட்டை முழுத் தூரம் இழுத்து முழுத் தூரம் தள்ளும் பழக்கமே போதும்.

நகத்துக்கும் ஒரு குறை உண்டு. சேம்பரில் கையால் ஒரு தோட்டாவைப் போட்டு போல்ட்டை மூடினால் நகம் விளிம்பின் மேல் ஏறி வளைய வேண்டும். ஒருமுறை தாங்கும். பழக்கமாகிவிட்டால் நகத்தின் முனை தேயும், சில சமயம் தெறிக்கும். ஆகவே ஒற்றைத் தோட்டாவையும் மேகசினுக்குள் அழுத்தி அங்கிருந்தே ஏற்ற வேண்டும். கூட்டை எறிவதிலும் வேறுபாடு தெரியும். பழையதன் பிளேடு எஜெக்டர் (கூட்டை வெளியே தட்டிவிடும் தகடு) கை வேகத்துக்கு ஏற்ப எறியும். மெதுவாக இழுத்தால் காலிக் கூட்டை விரலால் எடுத்துக்கொள்ளலாம், தோட்டாவைத் தாமே திரும்ப நிரப்புகிறவர்களுக்கு இது வசதி. டிக்காவின் ஸ்பிரிங் எஜெக்டர் எப்போதும் ஒரே வேகத்தில் வீசும்.

தற்செயலாகச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியில் என் ஓட்டு பழையதற்குத்தான். மாடல் 70-இன் சேஃப்டிக்கு மூன்று நிலை. அது பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னையே பிடித்து நிறுத்துகிறது. நடு நிலையில் வைத்தால் பின் அசையாது, ஆனால் போல்ட் திறக்கும். சேஃப்டியை எடுக்காமலே தோட்டாக்களை இறக்கலாம். டிக்காவில் இரண்டு நிலைதான். சேஃப்டி போட்டால் போல்ட் கைப்பிடியும் பூட்டிக்கொள்ளும், புதருக்குள் போகும்போது தற்செயலாகத் திறக்காது என்பது நல்லது. ஆனால் சேம்பரில் உள்ள தோட்டாவை எடுக்க சேஃப்டியை விடுவித்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் குழல்வாய் எங்கே பார்க்கிறது என்பதில் கவனம் தேவை.

டிரிகர் இரண்டிலும் நன்றாக இருக்கும். மாடல் 70-இன் டிரிகர் திறந்த அமைப்பு. தூசி, பழைய எண்ணெய் எதுவும் உள்ளே சிக்கி நிற்காது. அதே எளிமையால் யார் வேண்டுமானாலும் கை வைத்துவிடலாம், அறுபது வருடத்தில் யாரோ வைத்திருப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எடையில் டிக்கா டி3எக்ஸின் இலகு வகையான லைட் ஏறக்குறைய 2.9 கிலோ, 24 அங்குலக் குழல் கொண்ட சாதாரண மாடல் 70 சுமார் 3.7 கிலோ. மலை ஏறும்போது இந்த 800 கிராம் மதியத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் சுடும்போது தோளில் விழும் உதையும் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறும். இரண்டிலும் அரைக் கிலோ ஸ்கோப் ஏற்றி ஒரே தோட்டாவைச் சுட்டால், டிக்காவின் உதை ஆற்றல் ஏறக்குறைய கால்பங்கு கூடுதலாக இருக்கும். .30-06-க்குப் புதிதாக வருகிறவர் இதை அலட்சியம் செய்யக் கூடாது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுகிறவருக்கு ஓர் அங்குல உத்தரவாதத்தால் பயனில்லை.

மழைக்கு டிக்கா. பிளாஸ்டிக் கட்டை ஈரத்தில் வீங்காது, ஸ்டெயின்லெஸ் குழலும் கிடைக்கும். வால்நட் கட்டை ஈரம் குடித்து வளைந்தால் முன்பகுதி குழலை ஒரு பக்கமாக அழுத்தும்; நேற்று சரியாக விழுந்த குண்டு இன்று மூன்று அங்குலம் தள்ளிப் போகும். ஆனால் டிக்காவின் மேகசின் பிளாஸ்டிக், தனியாகக் கழன்று வருவது, மூன்று தோட்டாதான் கொள்ளும். அது புதரில் தொலைந்தால் கையில் இருப்பது ஒற்றைத் தோட்டா ரைஃபிள். உபரியாக ஒன்று வாங்கி வைப்பது கட்டாயம். மாடல் 70-இல் ஐந்து தோட்டா, இரும்பு அடிமூடி, தொலைய எதுவும் இல்லை.

இனி, பழையதை எப்படிப் பார்த்து வாங்குவது. காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின் போல்ட்டை உருவி, குழலைப் பின்புறத்திலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். சேம்பரை அடுத்த முதல் சில அங்குலம் கறுத்து, வெயிலில் வெடித்த சேறுபோல் தெரிந்தால் குழல் நிறையச் சுட்டிருக்கிறது. குழல்வாய் விளிம்பில் தேய்மானம் ஒரு பக்கம் அதிகமாக இருந்தால், சுத்தம் செய்யும் கம்பியை முன்புறமிருந்தே ஓட்டியிருக்கிறார்கள். இதைச் சரிசெய்யலாம், விளிம்பை மறுபடி வெட்ட வேண்டும். சேம்பரை அடுத்த அந்தத் தேய்வை இப்படி எளிதில் சரிசெய்ய முடியாது.

அடுத்து டிரிகர். காலி ரைஃபிளில் போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, டிரிகரை அழுத்தி விடுங்கள். பிறகு டிரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். ஃபயரிங் பின் விழுந்தால் அதோடு பேச்சை நிறுத்திவிடலாம். போல்ட்டை வேகமாக அறைந்து மூடிப் பாருங்கள், கட்டையின் அடியை மெத்தென்ற தரையில் தட்டிப் பாருங்கள். எதிலும் விழக் கூடாது.

குழலில் பொறித்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பழைய ரைஃபிள்களில் சேம்பரை வேறு தோட்டாவுக்கு விரித்துவிட்டு, எழுத்தை மாற்றாமல் விட்டவர்கள் உண்டு. ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்ட கூடு கிடைத்தால், அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கூடு அங்கே நீண்டு மெலிந்திருக்கிறது.

கட்டையைக் கழற்றும்போது ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) பின் முனை பதியும் இடத்தில் விரிசல் தேடுங்கள். அங்கே மரம் கறுத்து, விரல் நகம் பட்டாலே பதியும்படி இருந்தால், பல வருடம் எண்ணெய் வழிந்து ஊறியிருக்கிறது. மூடும்போது வரிசை முக்கியம்: முன் ஸ்குரூவை இறுக்கமாக, பின் ஸ்குரூவை இறுக்கமாக, நடு ஸ்குரூவை மட்டும் தொட்டும் தொடாமல். நடு ஸ்குரூவுக்குக் கீழே ஆதாரம் இல்லை. அதை முறுக்கினால் ரிசீவரே வளையும், குறி சிதறும். "இந்த ரைஃபிள் சரியாகச் சுடவில்லை" என்று மலிவாக விற்கப்படுகிற மாடல் 70-களில் இதையே முதலில் சோதிக்க வேண்டும்.

டிக்காவைக் கழற்றினால் கவனிக்க ஒன்றே ஒன்று. உதை தாங்கும் லக் ரிசீவரோடு சேர்ந்ததல்ல, கட்டையில் தனித் துண்டாக உட்கார்ந்திருக்கும். மூடும்போது ரிசீவரின் பள்ளம் அதன்மேல் சரியாக இறங்குகிறதா என்று பார்த்த பிறகே ஸ்குரூவைத் தொடுங்கள்.

ஸ்கோப் பொருத்துவதில் டிக்காவுக்குத் தலைவலியே இல்லை: ஸ்கோப் பிடிப்பான் உட்காரும் 17 மி.மீ. டவ்டெயில் தண்டவாளம் ரிசீவரிலேயே வெட்டியிருக்கிறது, துளைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல் 70-இல் பின்பக்கத் துளைகளைப் பின்னால் யாராவது போட்டிருக்கலாம். துளைகள் குழலின் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள், கோணலாக இருந்தால் ஸ்கோப்பின் திருத்தம் ஒரு பக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

சேகரிப்பாளர்களுக்கு இப்படித் துளையிட்டது, கட்டை மாற்றியது எல்லாம் பிடிக்காது, அதனால் விலை சரியும். சுடுவதற்காக வாங்குகிறவர் தேட வேண்டியது அதைத்தான்: குழலும் போல்ட்டும் நன்றாக இருந்து, சேகரிப்பு மதிப்பு போய்விட்ட ப்ரீ-64. அப்படி ஒன்று அகப்படாவிட்டாலோ, பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டாலோ டிக்காவையே வாங்குங்கள். நக எக்ஸ்ட்ராக்டர்தான் வேண்டும், பழையதோடு மல்லுக்கட்ட முடியாது என்கிறவருக்கு இடைவழியும் இருக்கிறது: 1992 முதல் வின்செஸ்டரே அந்த அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்த மாடல் 70-கள்.