கதவு விசிறியா, ஊதுபத்தியா? ஏசி கடையின் காற்றுக் கசிவைப் பிடிக்க

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஏசி ஜவுளிக்கடைகளில் ஐப்பசி மழை தொடங்கியதும் பட்டு அலமாரியில் ஈர வாடை அடித்தால், காற்றுக் கசிவையும் சந்தேகிக்க வேண்டும்.

கதவு விசிறிச் சோதனை அளவைச் சொல்லும். வாசலை மறைத்து விசிறியைப் பொருத்தி, உள்ளே 50 பாஸ்கல் அழுத்தம் குறைய எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 25 × 12 × 3.5 மீட்டர் கடையின் கொள்ளளவு 1,050 கன மீட்டர். விசிறி மணிக்கு 6,300 கன மீட்டர் காட்டினால், அந்த அழுத்தத்தில் மணிக்கு 6 முறை காற்று மாறுகிறது. முன்னேற்பாடுதான் பெரிய வேலை. ஏசியை நிறுத்தி, எக்ஸாஸ்ட் துளைகளை மூடி, உள்கதவுகளைத் திறந்துவைத்து, கழிவறை டிராப்பில் (சாக்கடைக் காற்று வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) தண்ணீர் ஊற்ற வேண்டும். டிராப் காய்ந்திருந்தால் சாக்கடைக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆடிக் காற்று வீசும் நாளில் செய்யவே கூடாது, அழுத்தமானி நிலைகொள்ளாது.

ஊதுபத்தி இடத்தைக் காட்டும். எக்ஸாஸ்ட்டை மட்டும் ஓடவிட்டு, துணிகளை விலக்கிவைத்து, ஷட்டர் பெட்டி, ஏசி செம்புக்குழாய்த் துளை, ஃபால்ஸ் சீலிங் ஓரம் என மெதுவாக நகர்த்துங்கள். புகை உள்பக்கம் சாய்ந்தால் அங்கே ஓட்டை. சூடான புகை தானாகவே மேலேறுவதால் கூரையருகே ஏமாற்றும். கடைக்காற்றின் நுண்துகளை அளக்கும் நாளில் கொளுத்தாதீர்கள், புகையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சிறிய கடைக்கு ஊதுபத்தியே போதும். நிறையச் செலவழித்து அடைப்பதானால், அடைக்கும் முன்னும் அடைத்த பின்னும் விசிறி வைத்து அளப்பதே சரி. அடைத்தபின் தீபாவளிக் கூட்டத்தில் கார்பன் டை ஆக்ஸைடு 1,000 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு) தாண்டினால், புதுக்காற்றுக்குத் தனி விசிறி வையுங்கள்.