‘மிஸ்டர் மிராக்கிள்’ முழுத் தொகுப்பு: ஒபரானுக்காகவே வாங்கலாம்

ஜாக் கிர்பி எழுதி வரைந்து, 1971 முதல் 1974 வரை டிசி நிறுவனம் வெளியிட்ட ‘மிஸ்டர் மிராக்கிள்’ காமிக்ஸின் 18 இதழ்களும் ஒரே பேப்பர்பேக்காக, வண்ணத்தில் கிடைக்கின்றன. 2017-இல் வந்த பதிப்பு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக் கடைகளில் கைக்கு எட்டாது, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். எந்தக் கட்டிலிருந்தும் தப்பிக்கும் வித்தைக்காரன் ஸ்காட் ஃப்ரீதான் கதாநாயகன். புத்தகத்தைத் தாங்குகிறவர் அவனுடைய உதவியாளர் ஒபரான்.

முதல் இதழைத் திறந்ததும் இது தெரிந்துவிடும். பழைய மிஸ்டர் மிராக்கிளான தாடியஸ் பிரவுன் சங்கிலியால் கட்டுண்டு ஒரு குடிசைக்குள் கிடக்கிறார். வெளியே நின்று தீ வைப்பவர் ஒபரான். வழிப்போக்கனாக வந்த ஸ்காட் பதறிப்போகிறான். ஒபரான் பதறுவது வேறு மாதிரி. தன் கையாலேயே தீ வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய வேலை அது. வித்தைக்காரருக்கு அந்த நேரத்தில் செய்ய நூறு காரியம் உண்டு. உதவியாளருக்குக் காத்திருப்பது ஒன்றுதான். அந்தக் காத்திருப்பை கிர்பி முகத்தில் வரைந்திருக்கிறார்: சுருங்கிய நெற்றி, இறுகிய வாய்.

மேடை வித்தையில் உதவியாளரின் வேலை உண்மையில் எவ்வளவு பெரியது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டங்கள் கூடுதலாகப் பிடிக்கும். ஒவ்வொரு பூட்டையும் சாவி போட்டுப் பலமுறை திறந்து மூடிப் பார்ப்பது, மாற்றுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, சங்கிலியின் முதல் சுற்று எங்கே விழுகிறது, எவ்வளவு தளர்வு மிச்சமிருக்கிறது என்று கண்ணால் அளப்பது, இத்தனை நிமிடத்தில் சமிக்ஞை வராவிட்டால் உடைத்துத் திற என்ற கெடுவை முன்பே பேசி வைப்பது, இவ்வளவும் அவர் பொறுப்பு. ஹூடினி 1912-இல் பெர்லினில் தண்ணீர்ப் பெட்டி வித்தையை முதன்முதலில் காட்டியதற்குப் பிறகு, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உதவியாளர் ஒருவர் கோடாலியோடு நிற்பது வழக்கமாக இருந்தது. அவருடைய நெடுநாள் உதவியாளர் ஜிம் காலின்ஸ் தச்சுவேலையும் இயந்திரவேலையும் அறிந்தவர். கைதட்டல் வாங்கிய பெட்டிகள் பலவற்றில் அவர் உழைப்பு உண்டு.

நம் ஊர்ப் பக்கம் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் பாருங்கள். சாமி புறப்பாடு நான்கு வீதியும் சுற்றி வந்து முடியும்வரை சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டே நடப்பார். எல்லார் கண்ணும் நாகஸ்வரத்திலும் தவிலிலும் இருக்கும். அவர் மூச்சு தளர்ந்தால் மொத்தக் கச்சேரியும் ஆட்டம் காணும். (இப்போது பல இடங்களில் அந்த வேலையைச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்டது. அது தனி வருத்தம்.) ஒபரான் அப்படிப்பட்ட ஒத்துக்காரர். ஆனால் பேச்சு வழக்கில் ‘ஒத்து ஊதுகிறான்’ என்று சொல்கிறோமே, அந்த ஆமாம்சாமி வேலை அவரிடம் கிடையாது. ‘இது வேண்டாம், இந்தப் பொறி சரியில்லை’ என்று ஒவ்வொரு முறையும் முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார், சொன்ன பிறகும் பொறியை ஒழுங்காகக் கட்டித்தருகிறார்.

இன்னொன்று முக்கியம். ஒபரான் உயரம் குறைந்தவர். சர்க்கஸிலும் சினிமாவிலும் அப்படிப்பட்டவர்களைச் சிரிப்புக்கு மட்டும் நிறுத்திவைக்கும் கெட்ட பழக்கம் இங்கும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. கிர்பி 1971-லேயே அவரை வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் மனிதராக எழுதியிருக்கிறார். நான்காம் இதழில் ஸ்காட் திரும்பாத நேரம், ஒபரான் வீட்டில் தவித்துக்கொண்டிருக்க, வேற்றுலகத்திலிருந்து பிக் பார்டா என்ற ஆறடிக்கு மேற்பட்ட போர்வீராங்கனை முன்னால் வந்து நிற்கிறாள். அவளைப் பார்த்த திகைப்பு அடங்குவதற்குள் ஸ்காட்டைப் பற்றிய கவலை மறுபடி ஒபரானின் முகத்துக்கு வந்துவிடுகிறது. தொகுப்பிலேயே நல்ல பக்கங்கள் இவை.

இனி குடும்ப விஷயம். வாங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஒபரானின் பூர்வீகத்துக்குத் தனிக் கதை எதுவும் இந்தத் தொகுப்பில் இல்லை. அவருக்குக் குடும்பம் என்றால் தாடியஸ் பிரவுன்தான். அவரும் முதல் இதழிலேயே இன்டர்கேங் கும்பலின் குண்டுக்குப் பலியாகிறார், அவர் இடத்துக்கு ஸ்காட் வருகிறான். பழைய பந்தயம் ஒன்றுக்காக அவரைக் கொல்லச் சொன்னவன் பெயர் ஸ்டீல் ஹேண்ட். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் வாசகர்கள் அந்தக் கையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. பிரவுனின் மகன் டெட் பின்னால் வந்து ஸ்காட்டின் மேலாளர் ஆகிறான்.

உடைந்த குடும்பம் ஸ்காட்டுடையது. நியூ ஜெனிசிஸ், அபோகொலிப்ஸ் என்ற இரண்டு உலகங்களுக்கும் நடந்த போரை நிறுத்த, இரு தலைவர்களும் பிள்ளைகளை மாற்றிக்கொள்கிறார்கள். நியூ ஜெனிசிஸ் தலைவர் ஹைஃபாதரின் மகனான ஸ்காட், டார்க்ஸைடின் உலகமான அபோகொலிப்ஸுக்குப் போகிறான், டார்க்ஸைடின் மகன் ஓரியன் நியூ ஜெனிசிஸுக்கு வருகிறான். பெற்ற பிள்ளையைப் பிணையாக அனுப்பிய அப்பா, பாசம் என்ற பெயரில் சித்திரவதை நடத்தும் கிரானி குட்னஸின் அநாதை இல்லம், அங்கே கேலியாக வைக்கப்பட்ட பெயர் (ஆங்கிலத்தில் ‘தண்டனையில்லாமல் தப்பியவன்’ என்று ஒலிக்கும்), இதெல்லாம் தெரிந்தால்தான் ஸ்காட் ஏன் ஒபரானின் வீட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறான் என்பது விளங்கும். அவனுக்கு யாரோ ஒருவர் வாசலில் காத்திருப்பது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

சிக்கல் என்னவென்றால், பிள்ளை மாற்றிய கதை இந்தப் புத்தகத்தில் இல்லை. அது 1972-இல் வந்த ‘நியூ காட்ஸ்’ 7-ஆம் இதழில் இருக்கிறது. வேறு தலைப்பு, வேறு தொகுப்பு. இதை அறியாமல் படித்தால், 18-ஆம் இதழில் ஸ்காட்–பார்டா திருமணத்தில் ஹைஃபாதர் வந்து நிற்பதன் கனம் பாதி போய்விடும். ஆகவே படிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: மிஸ்டர் மிராக்கிள் 1 முதல் 4, கூடவே 5-லிருந்து பின்னிணைப்பாக வரும் சிறுவயது ஸ்காட்டின் குட்டிக் கதைகள், பிறகு நியூ காட்ஸ் 7, உடனே மிஸ்டர் மிராக்கிள் 9. அந்த 9-ஆம் இதழ் ஸ்காட் அபோகொலிப்ஸிலிருந்து தப்பிய கதை. அதைப் படித்த கையோடு முதல் இதழின் குடிசைக் கட்டத்தை மறுபடி புரட்டிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. பொறிகள் பிரமாதம், தப்பிக்கும் வழிதான் பல இடங்களில் ஏமாற்றம். வெளியே வந்தபின், ‘உள்ளே இந்தக் கருவி இருந்தது’ என்று சில வரியில் ஸ்காட் விளக்கிவிடுகிறான். மதர் பாக்ஸ் என்ற உயிருள்ள சிறு கணினி கைவசம் இருக்கும்போது பூட்டுத் திறக்கும் நுணுக்கத்துக்கு வேலை குறைவு. 10-க்குப் பிறகு பெரும்பாலும் தனித்தனிச் சாகசங்கள், குடும்பக் கதை பின்னுக்குப் போகிறது. 15-ஆம் இதழில் ஷைலோ நார்மன் என்ற சிறுவன் வந்ததும் கொஞ்சம் சூடு பிடிக்கும். படத்தைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியும்: முதல் 4 இதழ்களில் கிர்பியின் பென்சில் கோடுகளுக்கு மேல் மை போட்டவர் வின்ஸ் கொலெட்டா, 5 முதல் மைக் ராயர். ராயர் வந்த பிறகு கோடுகள் தடிக்கின்றன, கிர்பியின் பென்சில் அப்படியே இறங்குகிறது.

வீட்டில் 10, 12 வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் குடிசைக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. நம் பக்கத்துக் கீற்றுக் கொட்டகை பற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் கூரை முழுக்கப் பரவும். தீ உடம்பைத் தொடும் முன்பே புகை மயக்கிவிடும். கயிறு கட்டி ஆற்றிலோ குளத்திலோ இறங்கும் விளையாட்டும் அதேபோலத்தான். நூல்கயிறு நனைந்தால் பருத்து இறுகும், கரையில் சுலபமாக அவிழ்ந்த முடிச்சு தண்ணீருக்குள் அவிழாது.

புத்தகம் பசை பைண்டிங். பார்சல் வந்ததும் நடுவில் பிளந்து திறக்காதீர்கள், முதுகு வெடித்துப் பக்கங்கள் கழன்றுவிடும். மேசைமேல் முதுகு படும்படி நிறுத்தி, முன்னாலிருந்து பத்துப் பக்கம், பின்னாலிருந்து பத்துப் பக்கம் என்று மாறி மாறி மெல்ல அழுத்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். இரண்டு பக்கம் விரியும் படங்களின் நடுப்பகுதி மடிப்புக்குள் போவதைத் தவிர்க்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை ஈரம் டெல்டா வீடுகளில் புத்தகத்துக்குப் பெரிய சோதனை. பீரோவின் அடித்தட்டு வேண்டாம், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கவைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் உள்ளே மாட்டிய ஈரம் பூஞ்சையாகும். வெயிலில் காயவைத்தால் வண்ணம் வெளிறும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குச் செய்யும் முறை இதற்கும் உதவும்: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் சிறு முடிச்சாகக் கட்டி அலமாரியில் வைப்பது. முடிச்சு தாளில் நேராகப் படக்கூடாது, எண்ணெய்க் கறை ஏறும். வாசம் போனதும் பொடியை மாற்றிவிடுங்கள்.

இதை முடித்தவர்கள் அடுத்து வாங்க வேண்டியது டாம் கிங் எழுதி மிட்ச் ஜெராட்ஸ் வரைந்த 12 இதழ்த் தொடர், 2017-இல் தொடங்கியது. பெரியவர்களுக்கு மட்டும், ஸ்காட்டின் தற்கொலை முயற்சியில் தொடங்குகிறது. வரிசையை மாற்றி அதை முதலில் படித்துவிடாதீர்கள். அதன் முதல் இதழில் ஸ்காட் வழக்கம்போல ஒபரானோடு பேசிக்கொண்டிருக்கிறான், பிறகு பார்டா அவனுக்கு நினைவூட்டுகிறாள், ஒபரான் இறந்துவிட்டார் என்று. கிர்பியின் 18 இதழ்களிலும் அவரோடு வாசலில் நின்று காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தப் பக்கம் முழுதாகப் போய்ச் சேரும்.