குயில்ட்டா, பின்னலா? தானத்துக்கு எது தைக்கலாம்

தானம் கொடுக்கக் குயில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைப்பதா, கம்பளி நூலில் தொப்பி, மஃப்ளர் பின்னுவதா என்று குழம்புகிறவர்களுக்காக இது.

செலவு: குயில்ட்டுக்கு மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என மூன்று அடுக்கு வேண்டும், மேல்துணிக்கு வீட்டில் மிஞ்சிய பருத்தித் துண்டுகளே போதும். தொப்பிக்கு 50 முதல் 100 கிராம் நூலும் ஊசிகளும் இருந்தால் சரி.

நேரம்: தொப்பி ஓரிரு மாலையில் முடியும், பஸ்ஸில் உட்கார்ந்தும் பின்னலாம். குயில்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகும், விரித்துப் போட இடமும் தையல் மெஷினும் இருந்தால் நல்லது.

துவைப்பது: இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஆசையாகத் தூய கம்பளியில் பின்னிக் கொடுப்போம், வாங்கியவர் வெந்நீரில் மெஷினில் போட்டால் அது சுருங்கித் தடித்துப்போகும், அப்புறம் யாருக்கும் பயன்படாது. அக்ரிலிக் நூல் மெஷினைத் தாங்கும், ஆனால் நெருப்புப் பட்டால் உருகும். பருத்திக் குயில்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. தைக்கும் முன்பே துணியை ஒருமுறை அலசிவிடுங்கள், துணி சுருங்குவதும் மிஞ்சிய சாயம் போவதும் பெரும்பாலும் அப்போதே முடிந்துவிடும்.

பச்சைக் குழந்தைகளுக்கு என்றால் நான் தொப்பியைத்தான் சொல்வேன், விரல் மாட்டாதபடி நெருக்கமாகப் பின்னுங்கள், பொத்தான் வேண்டாம். ஒரு வயதுக்குள் தூங்கும்போது தளர்வான போர்வை ஆபத்து. வீடிழந்தவர்களுக்கும் முதியோருக்கும் குயில்ட்.

எதுவானாலும், வாங்குகிறவர்களிடம் அளவைக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.