மாடிக்கும் பின்கட்டுக்கும் நெட்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் பல வீடுகள் இப்படித்தான்: கீழே வெட்டுக்கல் வைத்த பழைய சுவர், அதன்மேல் பிறகு எழுப்பிய கான்கிரீட் மாடி. கனெக்‌ஷன் தர வருபவர் முன்னறையில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். மாடியில் படிக்கிற பிள்ளைக்கு நெட் எட்டாது. கடையில் கேட்டால், ரூட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி வீசும் ரிப்பீட்டரை எடுத்து நீட்டுவார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவை வைத்து வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். போதாததற்கு, சிக்னல் வராத அறையிலேயே அதைச் செருகுகிறோம். வாங்க ஒன்றுமில்லாத இடத்தில் அது எதைக் கொடுக்கும்? வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது என்றால் மட்டும் வாங்கி, ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதிவழியில் வையுங்கள்.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் அதைவிட நல்லது. வீடு முழுக்க ஒரே பெயர், போன் தானாகவே பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ளும். ஆனால் பெட்டிகள் தமக்குள் பேசுவதும் காற்றில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை தடித்த கல்சுவரையும் கான்கிரீட் தளத்தையும் தாண்டும்போது மிகவும் மெலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கூடுதல் தூரம் போகும், வேகம் குறைவு. இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

கேபிள் இழுப்பதென்று ஆகிவிட்டால் மெஷ்ஷே வேண்டாமே! அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டர் போதும். அதன் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, மற்றக் கருவிகளுக்கு ஐபி எண் வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை லேன் துளையில் செருகினால் அது ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக வீசும் பெட்டி. இரண்டு ரூட்டரும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாதிருக்க, 2.4-இல் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 வையுங்கள். கேட் 6 என்ற வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள்; செம்பு பூசிய அலுமினியமும் அதே நிறத்தில்தான் விற்கிறது. பழைய ரூட்டரின் துளை 100 எம்பிபிஎஸ்தான் என்றால் 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் மாடியில் அதற்குமேல் வராது.

முற்றம் தாண்டிய பின்கட்டுக்கு மட்டும் செம்பு வேண்டவே வேண்டாம். ஐப்பசியில் இங்கே இடி இடிக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். மின்னல் பக்கத்தில் எங்கேயாவது விழுந்தாலே வெளியே ஓடும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து, இரண்டு முனையிலும் உள்ள ரூட்டர், கம்ப்யூட்டர் துளைகள் கருகலாம். அங்கே ஃபைபர் இழுங்கள்; அது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. இரு முனையிலும், ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிளுக்கான சிக்னலாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் ஒவ்வொன்று வைத்தால் வேலை முடிந்தது. ஃபைபரிலும் தாங்கலுக்கு இரும்புக் கம்பி சேர்த்த வகை உண்டு, அது இல்லாததாகக் கேளுங்கள்.

கரண்ட் வயர் வழியாகவே நெட் கடத்தும் பவர்லைன் பெட்டிகளும் இருக்கின்றன. த்ரீ ஃபேஸ் வீட்டில் இரண்டு பிளக்கும் வேறு வேறு ஃபேஸில் அமைந்தால் வேகம் விழும், சில வீட்டில் இணைப்பே கிடைக்காது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிற கடையில் மட்டும் வாங்கிப் பாருங்கள்.