சன்ஸ்கிரீன் வாங்கும்போது தேதி ஸ்டிக்கரைச் சுரண்டிப் பாருங்கள்

மதுரையில் ஒரு பெரிய ஃபேன்சி ஸ்டோரில் என் அக்காவின் தலையில் காலாவதியான சன்ஸ்கிரீனைக் கட்டியிருக்கிறார்கள். அக்காவுக்குக் கன்னத்தில் மங்கு, அதாவது கருந்திட்டு உண்டு. தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர். "ஃபாரின் ஐட்டம் மேடம், எஸ்பிஎஃப் 100. காலையில் ஒரு தடவை போட்டால் சாயங்காலம் வரை கவலையே இல்லை" என்று சொல்லி 1,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

அதை நம்பிப் போட்டுக்கொண்டு வெயிலில் போனதில் மங்கு இன்னும் கருத்துவிட்டது. தோல் டாக்டர் ட்யூபைக் கொண்டுவரச் சொன்னார். அழுத்தியதும் முதலில் மஞ்சளாக எண்ணெய் வழிந்தது, அப்புறம்தான் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக க்ரீம். பின்பக்க ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால், அடியில் வேறு தேதி. எக்ஸ்பைரி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

கடையில் போய்க் கேட்டால், "பிரித்ததை எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். பில் என்று கொடுத்த துண்டுச்சீட்டில் கடை பெயர்கூட இல்லை. மனசு கொதிக்கிறது.

வெளிநாட்டுப் பொருள் என்றால் லேபிளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும். அக்காவின் ட்யூபில் எதுவுமே இல்லை. வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லும் எஸ்பிஎஃப் எண் பெரிதாக இருக்கிறதே என்றும் மயங்காதீர்கள். எஸ்பிஎஃப் 50 சுமார் 98 சதவீத யுவிபி கதிர்களை, அதாவது வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும், 100 என்றால் 99. அவ்வளவுதான் வித்தியாசம். தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும் யுவிஏ கதிர்களுக்கு பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை பிளஸ் இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் காலையில் போட்டது சாயங்காலம் வரை நிற்கவே நிற்காது. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

மங்கு இருப்பவர்களுக்கு இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டுமாம். அதனால் அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனை டாக்டர் எழுதிக் கொடுத்தார். இந்த முறை மருந்துக்கடையில் பில்லோடு வாங்கினோம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்தால் ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, துண்டுச்சீட்டானாலும் பத்திரமாக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.